பழைய அமெரிக்கப் பேப்பர் கட்டிங்கில் ஊர்க்கதை தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் குடியிருக்கிறேன். பிழைப்பு கம்ப்யூட்டரில், பைத்தியம் பழைய செய்தித்தாளில். 1700-களில் அச்சான அமெரிக்கப் பேப்பர்களில் இந்த வட்டாரத்துக் கதைகளைத் துழாவுவதுதான் என் சனிக்கிழமை வேலை. பிள்ளையின் பள்ளி புராஜெக்டுக்காக, புதிதாக வீடு வாங்கிய தெருவின் கதை தெரிந்துகொள்ள, இல்லை சும்மா ஆர்வக்கோளாறில் என்று நண்பர்கள் வந்து கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்ததால் எழுதி வைக்கிறேன்.

மூன்று மணி நேரம் தேடினேன். எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

செய்திகளில் தேடியிருப்பீர்கள். அங்கே இருக்காது.

அந்தக் காலத்துப் பேப்பர் பெரும்பாலும் வாரம் ஒருமுறை வரும். ஒரே தாள், மடித்தால் நாலு பக்கம். லண்டன் பார்லிமென்ட், பிரான்ஸ் ராஜா, துருக்கிச் சண்டை எல்லாம் அதில் இருக்கும். பக்கத்துத் தெருவில் வீடு எரிந்த கதை இருக்காது, இருந்தாலும் இரண்டு வரியில் முடிந்துவிடும். சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் அது. தீப்பிடித்த அன்று பாதி ஊர் வாளியோடு அங்கேதான் நின்றது. திண்ணையில் பேசித் தீர்த்த விஷயத்தை ஒரு வாரம் கழித்துக் காசு கொடுத்து யார் படிப்பார்கள்? கப்பலில் வாரக்கணக்கில் மிதந்து வந்த லண்டன் சேதிதான் அவர்களுக்குப் புதுசு.

1704 ஏப்ரல் 24-இல் 'பாஸ்டன் நியூஸ்-லெட்டர்' தொடங்கியது. நின்றுபோகாமல் தொடர்ந்து வெளிவந்த முதல் அமெரிக்கப் பத்திரிகை அதுதான். நடத்தியவர் ஜான் கேம்பெல், ஊர் போஸ்ட்மாஸ்டர். தபால் அவர் கை வழியாகத்தான் போனது, அதனால் சேதியும் அவருக்குத்தான் முதலில் வந்தது. பதினைந்து வருஷம் கழித்தும், ஓர் இதழுக்கு 300 பிரதிகூட விற்க முடியவில்லை என்று தன் பேப்பரிலேயே புலம்பியிருக்கிறார்.

அப்போது ஊர் எங்கே இருக்கிறது? விளம்பரங்களில். இன்னும் சரியாகச் சொன்னால் வரி விளம்பரங்களில். மேய்ச்சலுக்கு விட்ட குதிரை திரும்பவில்லை. செத்தவருக்குக் கடன்பட்டவர்கள் வந்து கணக்கு முடிக்கவும். ஆற்றோர மில் ஏலம். பார்படோசிலிருந்து சர்க்கரை வந்து இறங்கியிருக்கிறது. என் அடிமை ஓடிவிட்டான். இவை ஒவ்வொன்றிலும் தெருப் பெயர், கடை அடையாளம், ஆள் பெயர், விலை இருக்கும். பேப்பரைத் திறந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

முதல் பக்கத்தில் முக்கியச் செய்தி இருக்குமே?

இருக்காது. அதை அச்சடித்த விதத்தைப் பார்த்தால் புரியும். மர அச்சு இயந்திரத்தில் ஒரு தாளின் ஒரு புறத்தைத்தான் ஒரு நேரத்தில் அடிக்க முடியும். ஓர் ஆள் எழுத்துக்கு மை தடவ, இன்னொருவர் நெம்புகோலை இழுக்க, மணிக்கு இருநூறு சொச்சம் தாள்கள் ஆகும். முதலில் வெளிப்புறம், அதாவது 1-ஆம் பக்கமும் 4-ஆம் பக்கமும். அதை உலர்த்திவிட்டு உள்புறம், 2-ம் 3-ம். ஆகவே அவசரம் இல்லாத ஐரோப்பியச் சேதியும் கட்டுரையும் வெளியே போய்விடும், கடைசி நிமிஷத்தில் வந்தது உள்ளே போகும். உள்ளூர்ச் செய்தி என்று நாலு வரி இருந்தால் அது 2-ஆம் அல்லது 3-ஆம் பக்கத்தில், ஊர்ப் பெயரையும் தேதியையும் தலைப்பாகப் போட்டு அதன் கீழே இருக்கும்.

உள்ளூர்ச் செய்தியை நிறையப் போட்ட பத்திரிகையே கிடையாதா?

ஒன்று இருந்தது. நாலு நாளில் மூடிவிட்டார்கள்.

1690 செப்டம்பர் 25, பாஸ்டன். பெஞ்சமின் ஹாரிஸ் என்பவர் 'பப்ளிக் அக்கரன்சஸ்' என்று ஒன்றை வெளியிட்டார். ஊரில் பெரியம்மை எப்படிப் பரவியது, எங்கே தீப்பிடித்தது, பக்கத்து வாட்டர்டவுனில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் தூக்கு மாட்டிக்கொண்டது என்று நிஜமான ஊர்ச் செய்திகள் அதில் இருந்தன. மூன்று பக்கம் அச்சடித்து நாலாவதை வெறுமையாக விட்டிருந்தார். வாங்கியவர் தன் சொந்தச் சேதியை அதில் எழுதி அடுத்தவருக்கு அனுப்பலாம் என்ற ஏற்பாடு. அனுமதி வாங்கவில்லை, நிச்சயமில்லாத விஷயங்களை எழுதியிருக்கிறார் என்று கவர்னரும் ஆலோசனைச் சபையும் தடைபோட்டார்கள். இரண்டாவது இதழே வரவில்லை. மிஞ்சிய ஒரே பிரதி லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. அந்த நாலாம் பக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கும்.

ஒரு வரி விளம்பரத்தில் அப்படி என்ன வரலாறு இருந்துவிடும்?

1750 அக்டோபர் 2-ஆம் தேதி 'பாஸ்டன் கெஜட்'டில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஃபிரேமிங்ஹாம் ஊர்க்காரர் வில்லியம் பிரவுன் கொடுத்தது. செப்டம்பர் 30 அன்று தன்னிடமிருந்து ஒருவன் ஓடிவிட்டான் என்கிறார். கலப்பு இனத்தவன், வயது சுமார் 27, பெயர் 'கிரிஸ்பஸ்', உயரம் 6 அடி 2 அங்குலம், சுருட்டை முடி, முழங்கால்கள் சாதாரணமாக இருப்பதைவிட ஒன்றோடொன்று நெருங்கியிருக்கும். அப்புறம் உடை: வெளிர்நிறத்தில் 'பேர்ஸ்கின்' கோட்டு, பழுப்பு ஜாக்கெட், புத்தம்புது மான்தோல் கால்சட்டை, நீல நூல் காலுறை, கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. பிடித்துத் தந்தால் பத்து பவுண்டு. இவனை ஒளித்து வைக்கவோ ஏற்றிச் செல்லவோ கூடாது என்று கப்பல் மாலுமிகளுக்கு எச்சரிக்கை வேறு. நவம்பரில் விளம்பரம் திரும்பவும் வந்தது. ஆள் அகப்படவில்லை என்று அர்த்தம்.

இருபது வருஷம் தள்ளி வாருங்கள். 1770 மார்ச் 5 இரவு, பாஸ்டன் கிங் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பாஸ்டன் படுகொலை என்று பாடப்புத்தகத்தில் படிப்பது இதைத்தான். மார்ச் 12 'பாஸ்டன் கெஜட்'டில் கறுப்புக் கோடுகளுக்கு நடுவே நாலு சவப்பெட்டிப் படம். ஒவ்வொன்றின் மேலும் இறந்தவரின் பெயர் முதலெழுத்துகள். அதில் ஒரு பெட்டியில் சி.ஏ. என்று இருக்கும். கிரிஸ்பஸ் அட்டக்ஸ், கலப்பு இனத்தவர், பிறந்தது ஃபிரேமிங்ஹாம், சமீபகாலமாக நியூ பிராவிடென்ஸ் தீவைச் சேர்ந்தவர், வட கரோலினா போவதற்காக இங்கே வந்திருந்தார் என்று செய்தி சொல்கிறது. ஆள் கப்பல் தொழிலாளி. எந்த மாலுமிகளை 1750-இல் எஜமான் எச்சரித்தாரோ, அவர்களோடுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஊரும் பெயரும் வயதும் பொருந்துகின்றன. ஆனால் முத்திரை குத்திய சாட்சி கிடையாது. பெயர் விஷயத்திலேயே குழப்பம் உண்டு: சுட்ட மறுநாள் நடந்த பிரேத விசாரணைத் தாளில் அவர் பெயர் மைக்கேல் ஜான்சன் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஓடிவந்த அடிமை பெயர் மாற்றிக்கொண்டு வாழ்வது அன்றைக்கு உயிர் காக்கும் வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1750-இன் 'கெஜட்'டும் 1770-இன் 'கெஜட்'டும் பெயரளவில்தான் ஒன்று. நடத்தியவர்கள் வேறு, அச்சகம் வேறு. பழைய பேப்பர்களில் ஒரு பெயரை ஒருவர் விட்டதும் இன்னொருவர் எடுத்துக்கொள்வது சகஜம்.

'பேர்ஸ்கின்' கோட்டு என்றால் கரடித்தோல் கோட்டா?

நானும் அப்படித்தான் நினைத்து, கரடித்தோல் போர்த்திய ஆறடி ஆள் என்று ஒரு கூட்டத்தில் அளந்துவிட்டேன். அது முரட்டுக் கம்பளித் துணி ஒன்றின் பெயர். ரோமம் சிலிர்த்தாற்போல் இருப்பதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். நம் ஊரில் 'குதிரைவாலி' என்றதும் யாரும் குதிரையைத் தேடுவதில்லையே.

இப்படிக் காலை வாரும் சொற்கள் நிறைய. மிக முக்கியமானது 'சர்வென்ட்'. வேலைக்காரர் என்று படித்துக்கொண்டு போய்விடுவோம். நியூ இங்கிலாந்துப் பேப்பர்களில் அடிமையையும் அந்தச் சொல்லால்தான் பல சமயம் குறித்தார்கள். 'இன்ஸ்டன்ட்' என்று தேதிக்குப் பின்னால் வந்தால் இந்த மாதம், 'அல்டிமோ' என்றால் போன மாதம். இதைக் கவனிக்காமல் போனால் ஒரு மரணத்தின் தேதி ஒரு மாதம் தப்பிவிடும்.

எழுத்தே படிக்க முடியவில்லை. எஸ் வர வேண்டிய இடமெல்லாம் எஃப் மாதிரி இருக்கிறதே?

அது எஃப் மாதிரி தெரியும் நீட்டு எஸ். சொல்லின் முதலிலும் நடுவிலும் சின்ன எஸ்ஸை அப்படி நீட்டிப் போடுவார்கள், கடைசியில் மட்டும் இன்றைய வடிவம். 1800-ஐ ஒட்டி இது வழக்கொழிந்தது. நாலைந்து பக்கம் படித்தால் பழகிவிடும். தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த புத்தகத்தில் துதிக்கை போட்ட ணை, லை, னை பார்த்துப் படித்தவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமே கிடையாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு படித்த தலைமுறை முதலில் தடுமாறுவது போலத்தான்.

மனிதக் கண் பழகிவிடும், கம்ப்யூட்டர்தான் பழகாது. பழைய பக்கங்களை எழுத்துணரி மென்பொருளில் போட்டுத்தான் தேடும் வசதி செய்திருக்கிறார்கள். அது நீட்டு எஸ்ஸை எஃப் என்றே படித்துவிடும். கப்பல் என்று தேட 'ஷிப்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டால் ஒன்றும் கிடைக்காது. அதன் முதல் எழுத்தை எஃப் ஆக மாற்றிப் போட்டுப் பாருங்கள், பொலபொலவென்று கொட்டும். இந்த ஒரு தந்திரத்தைச் சொல்லித் தந்ததற்காக எனக்கு ஒருவர் பிரியாணி வாங்கித் தந்திருக்கிறார்.

தேதியில் வேறு ஏதாவது சிக்கல் உண்டா?

1752-க்கு முந்தியது என்றால் உண்டு. அதுவரை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் சட்டப்படி புது வருஷம் மார்ச் 25-இல்தான் பிறக்கும். ஆகவே பிப்ரவரி 1721 என்று அச்சிட்டிருந்தால் அது நம் கணக்கில் 1722 ஆக இருக்கலாம். 1752-இல் நாள்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆகிவிட்டது. செப்டம்பர் 8-ஆம் தேதி என்று அந்த வருஷத்து அமெரிக்கச் சம்பவம் எதையாவது யாராவது சொன்னால், அன்று அங்கே அப்படி ஒரு நாளே இல்லை.

விளம்பரத்தில் இருப்பதை அப்படியே நம்பலாமா?

விவரத்தை ஓரளவு நம்பலாம், குணச் சான்றிதழை நம்பாதீர்கள். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும் என்று காசு கொடுத்துப் போடுகிறவர் உயரத்தையும் தழும்பையும் தப்பாகச் சொல்ல மாட்டார். ஆனால் பேசுவது எஜமான் மட்டும்தான்.

1769 செப்டம்பர் 14 'வர்ஜீனியா கெஜட்'டில் ஓர் எஜமான் எழுதுகிறார்: சாண்டி என்ற அடிமை ஓடிவிட்டான், வயது சுமார் 35, குட்டை, சற்றுப் பருமன், செருப்புத் தைக்கும் தொழில், இடது கைக்காரன், முரட்டுத் தச்சு வேலையும் தெரியும், குடிப்பழக்கம் அதிகம், குடித்தால் வாய்த்துடுக்கு, வெள்ளைக் குதிரை ஒன்றையும் செருப்புத் தைக்கும் கருவிகளையும் கொண்டுபோய்விட்டான். கையெழுத்து தாமஸ் ஜெஃபர்சன். ஏழு வருஷம் கழித்து, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய அதே ஜெஃபர்சன். 'வாய்த்துடுக்கு' என்பதைச் சாண்டியிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். கருவிகளை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனதை மட்டும் கவனியுங்கள். எங்கே போனாலும் கைத்தொழிலால் பிழைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டுப் போனவர் அவர்.

அதே வகையில் இன்னொரு ரகம் உண்டு: 'என் மனைவி என் படுக்கையையும் உணவையும் விட்டு ஓடிவிட்டாள், இனி அவள் பெயரில் யாரும் கடன் கொடுக்க வேண்டாம், நான் கட்ட மாட்டேன்.' நம் தினசரிகளில் 'இதனால் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால்' என்று வருமே, அதன் மூதாதை. மனைவி வாங்கும் கடனுக்குக் கணவன்தான் சட்டப்படிப் பொறுப்பு என்பதால், இது அடிப்படையில் ஒரு கடன் நோட்டீஸ். ஒரு மாதம் தள்ளிப் புரட்டினால் சில சமயம் மனைவியின் பதிலும் கிடைக்கும்: அடித்தார், சோறு போடவில்லை, நான் கொண்டுவந்த சாமான்களை விற்றுவிட்டார். அந்தப் பதிலைத் தேடாமல் முதல் நோட்டீசை மட்டும் எடுத்துக் குடும்ப வரலாறு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

முழுப் பொய்யும் உண்டு. 1782-இல் பாரிசுக்குப் பக்கத்தில் பாசி என்ற இடத்தில், தன் வீட்டு அச்சகத்தில், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு பாஸ்டன் பத்திரிகையின் இணைப்பிதழைப் போலியாக அச்சடித்தார். பிரிட்டிஷ் பக்கம் நின்ற பூர்வகுடிகள் குடியேறிகளின் மண்டைத்தோல்களை மூட்டை மூட்டையாகக் கட்டி பிரிட்டிஷ் ராஜாவுக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு கட்டுக்கதை அதில் இருந்தது. பிரிட்டிஷ் மக்களை உறுத்த வேண்டும் என்பது நோக்கம். அவர் பத்திரிகைக்காரர் அல்லவா? மீதி இடத்தைக் குதிரை காணவில்லை போன்ற ஊர் விளம்பரங்களால் நிரப்பினார், அவையும் கற்பனை. வாசகன் எதைப் பார்த்தால் பேப்பரை நம்புவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் 'கடைசிப் பக்கத்துக்குப் போங்கள்' உபதேசத்துக்கு 1782-இலேயே வைத்த ஆப்பு இது.

பழைய ஒட்டுப் புத்தகத்தில் ஒரு கட்டிங் கிடைத்தது. தேதியும் இல்லை, பேப்பர் பெயரும் இல்லை. என்ன செய்வது?

கத்தரித்தவர் தேதியைத்தான் முதலில் வெட்டி எறிந்திருப்பார், என்ன செய்ய. பின்பக்கத்தைப் பாருங்கள். நமக்கு வேண்டிய செய்தி ஒரு புறம், மறுபுறத்தில் பாதி வெட்டுப்பட்ட ஏல விளம்பரமோ கப்பல் பட்டியலோ இருக்கும். அதில் ஒரு கேப்டன் பெயரும் துறைமுகமும் கிடைத்தால் போதும், அதை வைத்து இதழைப் பிடித்துவிடலாம். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எழுத்து நிழலாடும்.

தாளைத் தொட்டுப் பாருங்கள். 1800-களின் பிற்பாதிக்கு முன் கந்தல் துணியைக் கூழாக்கித்தான் காகிதம் செய்தார்கள். கிழிந்த துணி இருந்தால் கொடுங்கள், காசு தருகிறோம் என்று பத்திரிகைகளே கெஞ்சி விளம்பரம் போடும். ஆகவே 1770-இன் தாள் இன்னும் வெளுப்பாக, வளைத்தால் வளைகிற மாதிரி இருக்கும். மஞ்சளாகி அப்பளம் மாதிரி நொறுங்கினால் அது மரக்கூழ்க் காகிதம், நூறு வருஷம் பிந்தியது.

கிடைத்த செய்தி அச்சான ஊரில்தான் நடந்தது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பத்திரிகைகள் ஒன்றை ஒன்று பார்த்துக் காப்பியடித்துத்தான் பிழைத்தன. 1792 தபால் சட்டம் பத்திரிகையாளர்கள் தங்களுக்குள் பேப்பரை இலவசமாக அனுப்பிக்கொள்ளவே வழி செய்தது. சவானாவில் நடந்த விபத்து பாஸ்டனில் ஒரு மாதம் கழித்து வரும்.

இதையெல்லாம் எங்கே பார்க்கலாம்? பணம் கட்ட வேண்டுமா?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா' இலவசம், முதலில் அதைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பேப்பர்கள் பெரும்பாலும் கட்டணத் தரவுத்தளங்களில் இருக்கின்றன. ஆனால் உள்ளூர்ப் பொது நூலக அட்டை இருந்தால் பல நூலகங்கள் வீட்டிலிருந்தே அவற்றைப் பார்க்க விடும். கிரெடிட் கார்டை எடுப்பதற்கு முன் நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அசல் தாளைப் பார்க்க வேண்டுமென்றால் வூஸ்டர் நகரில் உள்ள அமெரிக்கத் தொல்பொருள் கழகம். 1812-இல் ஐசையா தாமஸ் நிறுவியது. அவர் 'மாசசூசெட்ஸ் ஸ்பை' பத்திரிகையின் அச்சுக்காரர். 1775 ஏப்ரலில், அமெரிக்கச் சுதந்திரப் போர் வெடிப்பதற்குச் சில நாள் முன்பு, பாஸ்டனிலிருந்து அச்சு இயந்திரத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கடத்தி வூஸ்டருக்குக் கொண்டுபோனவர். மே 3-ஆம் தேதி அங்கிருந்து லெக்சிங்டன் சண்டைச் செய்தியோடு பேப்பரைக் கொண்டுவந்துவிட்டார். தான் அச்சடித்ததையும் மற்றவர்கள் அச்சடித்ததையும் சேர்த்து வைத்துப் பின்னால் கழகத்துக்கே கொடுத்தார்.

இந்தப் பேப்பர்களில் நம்மூர்க்காரர்கள் யாராவது வருகிறார்களா?

'இந்தியன்' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். எல்லாம் அமெரிக்கப் பூர்வகுடிகள். நம் பக்கத்து ஆட்களை 'ஈஸ்ட் இந்தியா இந்தியன்' என்று எழுதினார்கள். 18-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியா விளம்பரம் ஒன்றில் தாமஸ் க்ரீன்விச் என்ற 'ஈஸ்ட் இந்தியா இந்தியன்' ஓடிவிட்டதாக வருகிறது, நீண்ட கறுப்பு முடி என்ற அடையாளத்தோடு. உடனே தமிழர் என்று கொடி பிடிக்க வேண்டாம். கிழக்கிந்தியா என்ற சொல்லுக்குள் வங்காளம், மலபார், சோழமண்டலம் எல்லாம் அடக்கம்.

ஆளைவிடத் துணிதான் கண்ணில் அதிகம் படும். கடை விளம்பரங்களில் சரக்குப் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். மெட்ராஸ் கைக்குட்டை, அதன் பக்கத்திலேயே 'புல்லிகட்' கைக்குட்டை. புல்லிகட் என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில், இன்றைக்கு இறாலும் நண்டும் வாங்கப் போகிறோமே, அதே ஊர்தான். அந்தப் பெயரை முதன்முதலில் ஓர் அமெரிக்கக் கடைப் பட்டியலில் பார்த்தபோது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றுவிட்டேன்.

பேப்பருக்கு வெளியே ஒரு சாட்சி உண்டு. சேலம் (நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் துறைமுகம்) நகரப் பாதிரியார் வில்லியம் பென்ட்லி 1790 டிசம்பர் 29 அன்று தன் நாட்குறிப்பில், மெட்ராசைச் சேர்ந்த ஒருவரை இன்று முதன்முறையாகப் பார்த்தேன் என்று எழுதுகிறார். நல்ல கறுப்பு, நீண்ட முடி, உயரம், கேப்டன் கிபோவின் கப்பலில் வந்தவர். பெயர் எழுதவில்லை. கப்பல் பட்டியல்களும் அப்படித்தான்: கேப்டன் பெயர் வரும், மிளகும் துணியும் வரும், பாய்மரக் கயிறு இழுத்தவர் பெயர் வருவது அபூர்வம்.

யானை வந்த கட்டிங் ஒன்று இருக்கிறதாமே?

1796 ஏப்ரலில் 'அமெரிக்கா' என்ற கப்பலில் கேப்டன் ஜேக்கப் கிரவுனின்ஷீல்ட் வங்காளத்திலிருந்து நியூயார்க்கில் கொண்டுவந்து இறக்கிய குட்டி. இந்த நாடு பார்த்த முதல் யானை, பெண் யானை, வயது இரண்டு, 10,000 டாலருக்கு விற்றது என்று பேப்பர் சொல்கிறது. அடுத்த வருஷம் பாஸ்டனில் காட்சிக்கு வைத்தார்கள். கால் டாலர் கட்டணம். துண்டு விளம்பரத்தில் அதை 'அவன்' ஆக்கிவிட்டார்கள். சில நாள் முப்பது பாட்டில் போர்ட்டர் பீர் குடிக்கும், கார்க்கைத் துதிக்கையாலேயே பிடுங்கும் என்று பெருமை வேறு. கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய நமக்கு வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் ஓர் எச்சரிக்கை: யானை முக்கியமான காகிதங்கள் பலவற்றை நாசம் செய்திருப்பதால், அப்படிப்பட்ட காகிதங்களோடு யாரும் கிட்டே வர வேண்டாம்.

உங்களுக்குப் பிடித்த கட்டிங் எது?

1806 பிப்ரவரியில் 'பாஸ்டன் கெஜட்'டில் வந்த சில வரிகள். கப்பல் செய்திகளுக்கு நடுவே கிடக்கும். இது ஜோக் இல்லை என்று ஆரம்பிக்கிறது. 80 டன் ஐஸ் ஏற்றிய கப்பல் ஒன்று மார்டினிக் தீவுக்குக் கிளம்பியிருக்கிறதாம். வியாபாரம் வழுக்கிவிடாது என்று நம்புவோம் என்று முடிகிறது.

அனுப்பியவர் ஃபிரெட்ரிக் டூடர், வயது 22. பேப்பர்காரர் வாய் வைத்தபடியே முதல் பயணத்தில் வழுக்கித்தான் விழுந்தார். வெயில் தீவில் ஐஸை வைத்திருக்கக் கிடங்கு இல்லை. அப்புறம் கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனால் விடவில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் குதிரை பூட்டிய கத்தியால் ஐஸைச் சதுரம் சதுரமாக அறுத்து, மரத்தூளுக்குள் புதைத்து அனுப்பக் கற்றுக்கொண்டார். மரத்தூள் இந்தப் பக்கத்து மர அறுவை மில்களில் சும்மா கிடந்தது. 1833-இல் 180 டன்னோடு கல்கத்தாவுக்கு ஒரு கப்பல். நாலு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தபோதும் பாதிக்கு மேல் உருகாமல் இருந்தது.

1842-இல் மெட்ராசிலும் கடற்கரையோரம் அவருக்கு ஒரு ஐஸ் கிடங்கு எழும்பியது, வளைந்த முகப்போடு. 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான், இன்று அவர் பெயரில் நிற்கிறது. ஆனாலும் திருவல்லிக்கேணியில் பஸ் கண்டக்டர் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "ஐஸ் ஹவுஸ்லாம் எறங்கு" என்றுதான் கத்துவார். நானும் கல்லூரி நாட்களில் அந்த ஸ்டாப்பில் நூறு தடவை இறங்கியிருக்கிறேன். அந்த ஐஸ் அறுத்த ஏரிகளில் ஒன்றான ஃப்ரெஷ் பாண்ட் இப்போது என் நடைப்பயிற்சி வழியில் இருக்கிறது. குடிநீர் ஏரி, சுற்றிலும் வேலி. ஜனவரியில் உறைந்து கிடக்கும்.